மூன்று தடவை எழும்பும்

ஐந்தை மூன்றாக்க ஃபோர்மேன் ஏழு தடவை பொத்தானை அமுக்க வேண்டியிருந்தது. பானல் ரூமின் கதவைச் சாத்திவிட்டு, மூக்குக்கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிக்கொண்டு, திரைக்குப் பக்கத்தில் முகத்தைக் கொண்டுபோய் ஒவ்வொன்றாக அமுக்கினார். 5 போய் 4 வந்தது, 4 போய் 3 வந்தது. கடைசி அமுக்கில் டிரைவ் அதை ஏற்றுக்கொண்டு பழைய திரைக்குத் திரும்பியது. இருபத்தெட்டு வருஷ சர்வீஸில் இந்த மாதிரிப் பொத்தான்களை லட்சம் தடவையாவது அமுக்கியிருப்பார். கதவைச் சாத்திக்கொண்டு அமுக்கியது அன்றைக்குத்தான்.

அந்த நேரத்தில் அவருடைய மாப்பிள்ளை, அதாவது கூடப்பிறந்த தங்கையின் கணவன், வலது கையில் இரண்டு விரல்களைப் பறிகொடுத்துவிட்டு ஆஸ்பத்திரியில் படுத்திருந்தான். அதே மில்லில் ஃபிட்டர். விபத்து நடந்து அது இரண்டாவது நாள்.

நடந்ததைச் சொல்வதற்கு முன்னால் அந்த டிரைவைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். அது அட்டை தயாரிக்கும் மில். பழைய காகிதமும் கிழிந்த பெட்டிகளும் கம்பியால் கட்டிய கட்டுகளாக வந்து இறங்கும். கம்பியை வெட்டிப் பிரித்து, ஒரு நீள ரப்பர் பெல்ட்டில் போட்டால், பெல்ட் அவற்றை மேலே ஏற்றிக்கொண்டுபோய்க் கூழ்த்தொட்டியில் கொட்டும். பெல்ட் பத்து நிமிஷம் நின்றால் கூழ் நீர்த்துப்போகும். கூழ் நீர்த்தால் மெஷினில் ஓடுகிற ஈரத்தாள் அறுந்துபோகும். தாள் அறுந்தால் மறுபடி கோத்து ஓட்ட ஒன்றரை மணி நேரம். அந்த ஒன்றரை மணி நேரமும் மேனேஜர் மெஷின் பக்கத்திலேயே நின்று எல்லாரையும் பெயர் சொல்லிக் கூப்பிட்டுக்கொண்டிருப்பார். வேலையைவிட அதுதான் பெரிய தொல்லை.

பெல்ட்டை ஓட்டுவது ஒரு மோட்டார். மோட்டாருக்கு எவ்வளவு வேகம், எவ்வளவு கரண்ட் என்று அளந்து கொடுப்பது டிரைவ். மாடியில் பானல் ரூமில் சுவரோடு நிற்கிற, ஒரு சூட்கேஸ் உயரமுள்ள சாம்பல் நிறப் பெட்டி. அந்தப் பெட்டிக்குத் தன் உயிர்மேல் அப்படி ஓர் ஆசை. கரண்ட் கொஞ்சம் கூடுதலாக இழுக்கப்பட்டால் நின்றுவிடும். வோல்டேஜ் ஏறினாலும் நிற்கும், இறங்கினாலும் நிற்கும். முதுகிலுள்ள அலுமினியத் தகடுகளில் காகிதத் தூசி அடைத்துச் சூடேறினால், உள்ளே எதுவும் கருகுவதற்கு முன்னாலேயே நின்றுகொள்ளும். மோட்டார் இருப்பது கீழே, அறுபதடி தள்ளி. அதைத் தொட்டுப் பார்க்காமலே, இவ்வளவு நேரம் இவ்வளவு கரண்ட் போயிருக்கிறது, ஆகவே இந்நேரம் இவ்வளவு சூடு இருக்கும் என்று மனக்கணக்குப் போட்டு, அதற்காகவும் ஒரு தடவை நிற்கும். ஒவ்வொரு காரணத்துக்கும் திரையில் ஓர் அடையாள எழுத்து வரும். மில்லில் பாதிப் பேருக்குத் தங்கள் ரத்தப்பிரிவு தெரியாது, டிரைவின் எழுத்துகள் தெரியும்.

சில கோளாறுகளை அது மன்னிக்கவே மன்னிக்காது. ஒயர் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டாலும், கரண்ட் கசிந்து மண்ணுக்குப் போனாலும், ஆள் வந்து பார்த்தால்தான் ஆயிற்று என்று பிடிவாதமாகக் கிடக்கும். பாரம் கூடி நின்றது போன்ற சின்னக் கோளாறுகளுக்கு மட்டும், கொஞ்சம் பொறுத்துத் தானே மறுபடி ஓடிப் பார்க்கலாம் என்று ஓர் ஏற்பாடு அதற்குள் உண்டு. எத்தனை தடவை ஓடிப் பார்க்க வேண்டும் என்பதை நாம் எண்ணாகக் கொடுக்க வேண்டும். கம்பெனியிலிருந்து வரும்போது அந்த எண் பூஜ்யம். அதைப் பூஜ்யமாகவே வைத்திருக்க வேண்டும் என்று மில்லின் விதிப்புத்தகத்திலும் எழுதியிருந்தது. ஃபோர்மேன் மூன்று என்று வைத்திருந்தார்.

காரணம் இல்லாமல் இல்லை. வெட்டிய கம்பியின் துண்டு துணுக்குகள் காகிதத்தோடு வந்து, பெல்ட்டின் கீழ்முனை உருளையில் சுற்றிக்கொள்ளும். பெல்ட் இறுகும், மோட்டார் முக்கும், டிரைவ் நின்றுவிடும். இருபது விநாடி கழித்து அது மறுபடி எழும்பும்போது கிடைக்கிற உதறலில் பத்துக்கு எட்டு தடவை கம்பி தானே அறுந்து விழுந்துவிடும். இல்லையென்றால் ஒவ்வொரு தடவையும் ஒருவர் இருபத்திரண்டு படி ஏறிப்போய் ரீசெட் அமுக்க வேண்டும். அந்த ஒருவர் ஃபோர்மேன். அவருடைய முழங்கால்கள் அவரைவிடப் பத்து வயது மூத்தவை.

இரண்டு வருஷத்துக்கு முன்னால் அவரும் மாப்பிள்ளையும் டீ குடித்துக்கொண்டே பேசி முடித்த ஏற்பாடு இது. உருளையில் கை வைப்பதற்கு முன்னால் மாடிக்குப் போய் ஸ்விட்சை இறக்கி, பூட்டுப் போட்டு, தன் பெயர் எழுதிய அட்டையைத் தொங்கவிட்டு, சாவியைச் சட்டைப்பையில் வைத்துக்கொள்ள வேண்டும் என்பது விதி. மாப்பிள்ளையின் வழி வேறு. உருளைக்குப் பக்கத்தில் நின்று எண்ணுவான். நின்றது, எழும்பியது, ஒன்று. மறுபடி நின்றது, எழும்பியது, இரண்டு. மூன்று தடவை எழும்பும். அதற்கப்புறம் நாலாவதாக ஒரு தடவை நின்றால், பெட்டி செத்துவிட்டது என்று அர்த்தம். பிறகு தைரியமாகக் கையை விட்டுக் கம்பியை உருவலாம். இரண்டு வருஷத்தில் ஒரு நாளும் பிசகியதில்லை. ஷிஃப்டில் மற்றவர்களும் மாப்பிள்ளையைப் பார்த்து எண்ணப் பழகிக்கொண்டார்கள். பூட்டு மாடியில் ஆணியில் தொங்கித் தொங்கித் துருப்பிடித்தது. மேனேஜருக்கு இது தெரியும். பின்னால் தெரியாது என்று சொல்லிக்கொள்ளத் தோதான அளவுக்குத் தெரியும்.

டிரைவ் தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும், மோட்டாரைக் காப்பாற்றும். கீழே உருளைக்குப் பக்கத்தில் ஒருவன் நிற்கிறான் என்பது அதற்குத் தெரியாது. இதை இரண்டு பேருமே யோசித்துப் பார்க்கவில்லை. கெட்டிக்காரர்கள்தான், யோசிக்கவில்லை.

எண் மூன்றாகவே இருந்திருந்தால் கதையே இல்லை. ஒரு திங்கட்கிழமை கம்பி கனமாகச் சுற்றிக்கொண்டது. பெல்ட் மூன்று தடவை எழும்பிப் பார்த்துவிட்டுப் படுத்துவிட்டது. ஃபோர்மேன் அப்போது மில்லின் மறுகோடியில் டிரான்ஸ்ஃபார்மர் பக்கம் இருந்தார். ஓடிவருவதற்குள் தாள் அறுந்துவிட்டது. மேனேஜர் பத்துப் பேருக்கு முன்னால், வயசாயிட்டா வீட்ல இருக்கணும் என்று ஆரம்பித்து நிறையப் பேசினார். அன்று சாயங்காலமே ஃபோர்மேன் மாடிக்குப் போய் மூன்றை ஐந்தாக்கினார். மோட்டாருக்குச் சூடு ஏறும், நல்லதில்லை என்று அவருக்குத் தெரியும். ரோஷம் வந்தால் மனிதன் மோட்டாரையா பார்ப்பான்?

மாப்பிள்ளையிடம் சொல்லிவிட வேண்டும் என்று அப்போதே நினைத்தார். மாப்பிள்ளை வீடு மாற்றுவதற்காக மூன்று நாள் லீவில் இருந்தான். வியாழக்கிழமை வந்தபோது புதுவீட்டுக் குழாய் ஒழுகுவதைப் பற்றி இருவரும் பத்து நிமிஷம் பேசினார்கள். வாஷர் மாற்றினால் போதுமா, குழாயையே மாற்ற வேண்டுமா என்று அலசினார்கள். 'மாப்ள, அஞ்சாக்கியிருக்கேன்' என்று சொல்ல எவ்வளவு நேரம் பிடிக்கும்? அந்த இரண்டு வார்த்தை மட்டும் ஃபோர்மேனின் ஞாபகத்துக்கு வரவில்லை.

அடுத்த செவ்வாய்க்கிழமை காலை பதினொன்றரை மணிக்கு பெல்ட் நின்றது. மாப்பிள்ளை போய் நின்றான், எண்ணினான். மூன்று தடவை எழும்பியது. நாலாவது தடவை நின்றது. கையுறையை இழுத்து மாட்டிக்கொண்டு, குனிந்து, கம்பியைப் பிடித்தான். பெல்ட் நாலாவது தடவையாக எழும்பியது. கூழ்த்தொட்டிக்காரர் சத்தம் கேட்டு பெல்ட்டை நிறுத்துகிற அவசரக் கயிற்றை இழுத்துவிட்டார். இரண்டு விநாடிதான் ஓடியிருக்கும், இழுக்காமல் இருந்திருந்தால் கையே போயிருக்கும் என்று பிறகு எல்லாரும் சொன்னார்கள்.

அன்று மாலை ஆஸ்பத்திரியில் மாப்பிள்ளைக்கு நினைவு நன்றாகத் திரும்பியிருந்தது. தங்கை கட்டிலின் கால்மாட்டில் உட்கார்ந்திருந்தாள். அவளுக்கு அழுது முடிந்திருந்தது. ஃபோர்மேன் உள்ளே போனதும் மாப்பிள்ளை அவரைத்தான் முதலில் சமாதானப்படுத்தினான்.

"நீங்க மனசு கஷ்டப்படாதீங்க மச்சான். தப்பு என்மேலதான். தப்பா எண்ணிட்டேன். நாலாவதா நின்னுடுச்சுன்னு நெனச்சேன், மூணாவதா இருந்திருக்கு."

சொல்வதானால் ஃபோர்மேன் அந்த இடத்திலேயே சொல்லியிருக்க வேண்டும். வாய்வரைக்கும் வந்தது. தங்கை அவர் முகத்தைப் பார்த்துக்கொண்டிருந்தாள். "பேசாம படுங்க மாப்ள, ரெஸ்ட் எடுங்க" என்றுதான் அவரால் சொல்ல முடிந்தது. வெளியே வந்து ஆஸ்பத்திரி வாசலில் அரை மணி நேரம் நின்றார். மறுநாள் காலையில் பானல் ரூமுக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டார்.

அவரைக் கேட்டால், தங்கையின் முகத்தில் எப்படி முழிப்பது என்று பயந்ததாகச் சொல்வார். அது உண்மைதான். இன்னும் நாலு வருஷம் சர்வீஸ் பாக்கி இருந்ததும், மகள் கல்லூரியில் கடைசி வருஷம் படித்துக்கொண்டிருந்ததும் உண்மைதான். எண்ணை மாற்றியது தெரிந்தால் மறுநாளே கேட்டுக்கு வெளியே நிற்க வேண்டும். எது எத்தனை பங்கு என்று அவரே பிரித்துப் பார்க்கத் துணியவில்லை. மாப்பிள்ளை உடம்பு தேறட்டும், அப்புறம் பக்குவமாகச் சொல்லிக்கொள்ளலாம் என்று தன்னைத் தானே தட்டிக்கொடுத்துக்கொண்டார்.

ஆறாவது நாள் டிரைவ் கம்பெனியிலிருந்து சர்வீஸ் இன்ஜினியர் வந்தாள். முப்பது வயது இருக்கும். தோளில் லேப்டாப் பை, காலில் கனமான ஷூ. டீ வேண்டுமா என்று கேட்டதற்கு வேலை முடியட்டும் என்றாள். கேபிளைச் செருகி, டிரைவுக்குள் இருந்த எல்லாவற்றையும் லேப்டாப்புக்கு இழுத்துக்கொண்டாள். ஃபோர்மேன் அவள் தோளுக்குப் பின்னால் நின்றார். எண்களை மாற்றலாம். டிரைவ் கடைசியாக எப்போது எப்போது நின்றது, எதற்காக நின்றது, நின்ற நொடியில் மோட்டார் எந்த நிலையில் இருந்தது என்று தனக்குத்தானே எழுதி வைத்துக்கொள்கிற குறிப்பை மாற்ற முடியாது. அது ஃபோர்மேனுக்கும் தெரியும். மாற்றிய அன்றைக்கு அது ஞாபகத்துக்கு வரவில்லை. வந்திருந்தாலும் செய்வதற்கு ஒன்றுமில்லை.

அவள் திரையைப் பார்த்தபடியே கணக்குச் சொன்னாள். பதினொன்று முப்பத்திரண்டில் முதல் தடவை, கரண்ட் கூடி நின்றிருக்கிறது. அப்புறம் வரிசையாக மூன்று தடவை. ஆக நாலு. நாலாவதுக்கு இருபத்திரண்டு விநாடி கழித்து அவசரக் கயிறு.

"கயிறு இழுத்தப்ப மோட்டார் ஓடிக்கிட்டிருந்ததுன்னு இருக்கு சார்" என்றாள். "செட்டிங் மூணுதான் இருக்கு. மூணுன்னா நாலாவது தடவை தானா எழும்பியிருக்காதே?"

யாராவது வந்து ரீசெட் அமுக்கியிருக்கலாம் என்றார் ஃபோர்மேன். சொல்லும்போதே, அந்த 'யாராவது' யார் என்று கேட்டால் என்ன பதில் சொல்வது என்று அவருக்கு வியர்த்தது. அவள் கேட்கவில்லை. கொஞ்ச நேரம் அவரைப் பார்த்தாள். கோபமோ இளக்காரமோ இல்லை, மீட்டரைப் பார்க்கிற மாதிரிதான் பார்த்தாள்.

"நான் பாத்ததை மட்டும் எழுதறேன். யார் அமுக்கினாங்கன்னு நீங்க எழுதிக்கோங்க."

எழுதிக் கையெழுத்திட்டு, டீ குடிக்காமலே போய்விட்டாள். மேனேஜர் அந்த ரிப்போர்ட்டைப் புரட்டிப் பார்த்தார். மூன்று என்ற எண்ணே விதிக்கு விரோதம் என்பது அவர் கண்ணில் படாமல் இல்லை. அந்தப் பக்கத்தை அப்படியே மடித்து ஃபைலுக்குள் வைத்துக்கொண்டார். பிறகு ஃபோர்மேனைக் கூப்பிட்டு உட்காரச் சொன்னார். அவர் உட்காரச் சொல்வது அபூர்வம், நல்லதற்கும் இருக்காது. ஃபிட்டர் பூட்டுப் போடாமல் கையை விட்டதுதான் காரணம் என்று விஷயத்தை முடித்துவிடலாம், அவனே அப்படி எழுதிக் கையெழுத்துப் போட்டுக் கொடுத்தால் ஸ்டோர்ஸில் உட்கார்ந்து பார்க்கிற வேலை ஒன்று தரலாம், போடவில்லையென்றால் மேலிடத்து விசாரணை, அப்புறம் தன் கையில் ஒன்றும் இல்லை என்றார்.

"உங்க மாப்பிள்ளைதானே, நீங்களே போய் வாங்கிட்டு வந்துடுங்க. உங்களுக்கும் அதுதான் நல்லது."

'உங்களுக்கும்' என்பதைக் கொஞ்சம் அழுத்திச் சொன்னார். எவ்வளவு தெரிந்துகொண்டு சொல்கிறார் என்று ஃபோர்மேனால் கண்டுபிடிக்க முடியவில்லை.

பேப்பரை டைப் செய்து வர இரண்டு வாரத்துக்குமேல் ஆனது. அதற்குள் மாப்பிள்ளை வீட்டுக்கு வந்துவிட்டான். ஃபோர்மேன் தினமும் வேலை முடிந்து போய்ப் பார்த்தார். கட்டுப் பிரிக்க ஆஸ்பத்திரிக்குக் கூட்டிக்கொண்டு போனார். ஒழுகிய குழாயைச் சரிசெய்து கொடுத்தார். வீட்டில் எது உடைந்தாலும், உடையப்போவது போல் தெரிந்தாலும் சரிசெய்தார். எங்கண்ணன் மாதிரி யாருக்குக் கிடைக்கும் என்று தங்கை பக்கத்து வீட்டில் சொல்லிப் பெருமைப்பட்டாள். அதைக் கேட்கும்போது நாக்கைப் பிடுங்கிக்கொள்ளலாம் போல இருந்தது அவருக்கு. இருந்தும் மறுநாளும் போனார், மறுநாளும் சொல்லவில்லை.

விபத்து நடந்து இருபத்தாறு நாள் கழிந்திருந்தது, ஞாயிற்றுக்கிழமை. மத்தியானம் மூன்று மணிக்கு பேப்பரைப் பாலிதீன் உறையில் போட்டுக்கொண்டு ஃபோர்மேன் தங்கை வீட்டுக்குப் போனார். பொய் ஒன்றும் இல்லாத பேப்பர்தான் அது. ஸ்விட்சைப் பூட்டாமல் ஓடும் இயந்திரத்தில் கை வைத்தேன், என் கவனக்குறைவே காரணம் என்று ஐந்து வரி. பூட்டாதது உண்மை. வழியெல்லாம் அதையே அவர் பிடித்துக்கொண்டு போனார்.

மாப்பிள்ளை உள்ளறையில் இருந்தான். தங்கை சமையலறையில் துணி மடித்துக்கொண்டிருந்தாள். அண்ணனைப் பார்த்ததும் குரலைத் தாழ்த்திக்கொண்டு ஒரு குறை சொன்னாள்.

"இவர் சரியில்லை அண்ணா. மாத்திரையை மூணு தடவை எண்ணறார், அப்புறமும் எங்கிட்ட குடுத்து எண்ணச் சொல்றார். கதவைப் பூட்டிட்டுப் படுத்தா, எந்திரிச்சுப் போய் எத்தனை தாழ்ப்பாள் போட்டோம்னு பாக்கறார். நேத்து பாப்பா கணக்கு நோட்டைக் கொண்டுபோயிருக்கா. 'அப்பாவுக்கு எண்ணத் தெரியாதும்மா, அம்மாகிட்ட போ'ன்னு அனுப்பிட்டார். அது வந்து எங்கிட்ட கேக்குது, நெஜமாவே அப்பாவுக்குத் தெரியாதான்னு."

குழந்தைக்கு எட்டு வயது. அவ்வளவு நாளும் கூட்டல் கழித்தலுக்கு அப்பாவிடம்தான் போகும். ஃபோர்மேன் தண்ணீர் வாங்கிக் குடித்துவிட்டு உள்ளே போனார்.

மாப்பிள்ளை கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்து, மடியில் தலையணையும் தலையணைமேல் ஒரு பழைய நோட்டும் வைத்துக்கொண்டு, இடது கையால் கையெழுத்துப் பழகிக்கொண்டிருந்தான். பக்கம் பக்கமாகத் தன் பெயரையே எழுதியிருந்தான். முதல் பக்கத்தில் கோழி கிளறியது போல இருந்தது கடைசிப் பக்கத்தில் ஒருவாறு எழுத்தாகியிருந்தது.

"வாங்க மச்சான். பேப்பர் வந்துடுச்சா? பாருங்க, கையெழுத்து ரெடி" என்று சிரித்தான்.

உறையிலிருந்து அவனே பேப்பரை எடுத்தான். ஐந்து வரியையும் நிதானமாகப் படித்தான். பேனா மூடியைப் பல்லால் கழற்றினான். ஃபோர்மேன் ஜன்னலைப் பார்த்துக்கொண்டிருந்தார். இன்னும் ஒரு நொடி போயிருந்தால் கையெழுத்து விழுந்திருக்கும், எல்லாம் முடிந்திருக்கும், அவர் நாலு வருஷத்தையும் ஓட்டிவிட்டுப் பூமாலையோடு ரிட்டயர் ஆகியிருப்பார். மாப்பிள்ளை பேனாவை நிறுத்தினான்.

"மச்சான், இதுல எண்ணினதைப் பத்தி ஒண்ணுமே போடலையே? அதையும் சேத்துடச் சொல்லுங்க. தப்பா எண்ணிட்டேன்னு. பின்னாடி வர்றவன் படிச்சாலாவது ஜாக்கிரதையா எண்ணுவான்."

ஃபோர்மேன் கட்டிலின் ஓரத்தில் உட்கார்ந்தார். இருபத்தாறு நாளாகப் பக்குவமாகச் சொல்வதற்கு எத்தனையோ விதமாக வார்த்தைகளைக் கோத்து வைத்திருந்தார். ஒன்றும் வரவில்லை.

"நீங்க தப்பா எண்ணலை மாப்ள."

மாப்பிள்ளை நிமிர்ந்து பார்த்தான்.

"நான் அஞ்சாக்கி வெச்சிருந்தேன். அதுக்கு முந்தின வாரம். நீங்க லீவுல இருந்தீங்க. வந்ததும் சொல்லணும்னு இருந்தேன், சொல்லலை. மறந்துட்டேன். நீங்க ஆஸ்பத்திரியில இருக்கறப்ப மறுபடி மூணாக்கிட்டேன்."

மாப்பிள்ளை கத்துவான், பேப்பரை விட்டெறிவான், வெளியே போங்கள் என்பான் என்று ஃபோர்மேன் எதிர்பார்த்தார். எதுவானாலும் வாங்கிக்கொள்ளத் தயாராகத்தான் இருந்தார். ஆனால் மாப்பிள்ளையின் முகத்தில் என்னவோ தளர்ந்தது. ஒரு மாசமாகப் பிடித்து வைத்திருந்த மூச்சை விட்டவன் மாதிரி இருந்தான்.

பேனாவை மடியில் போட்டுவிட்டு இடது கையைத் தூக்கினான். கட்டைவிரலால் மற்ற விரல்களை ஒவ்வொன்றாகத் தொட்டுக்கொண்டு போனான்.

"நின்னுச்சு, எழும்புச்சு. ஒண்ணு. சரியா?"

"சரி மாப்ள."

"மறுபடி நின்னு எழும்புச்சு. ரெண்டு."

"ஆமா."

"அப்புறம் மூணு. அப்புறம் நாலாவது நின்னுச்சு. நின்ன பிறகுதான் கை வெச்சேன். நாலாவது நின்ன பிறகுதானே?"

"நாலாவது நின்ன பிறகுதான். டிரைவ்லயே இருக்கு. அந்த இன்ஜினியர் பொண்ணு பாத்துச் சொன்னா, நான் கூடவே நின்னு கேட்டேன்."

"அப்ப நான் சரியாத்தான் எண்ணியிருக்கேன்" என்றான் மாப்பிள்ளை. கண்ணில் தண்ணீர் கட்டிக்கொண்டு, வாய் மட்டும் சிரித்தது. "எனக்கு மூளை கலங்கிடுச்சோன்னு பயந்துட்டேன் மச்சான். எத்தனை தடவை படுத்துக்கிட்டே எண்ணிப் பாத்திருப்பேன் தெரியுமா? ஒவ்வொரு தடவையும் நாலுதான் வரும். ஆனா கை போயிருக்கே, அப்ப நான்தானே தப்பா இருக்கணும்?"

அவனுக்குக் கோபமே வரவில்லை. அல்லது கோபத்துக்கு முன்னால் இது வந்து நின்றுகொண்டது. கோபித்துக்கொண்டிருந்தால் ஃபோர்மேன் தாங்கியிருப்பார். அந்த நிம்மதியைத்தான் அவரால் பார்க்க முடியவில்லை. தலையைக் குனிந்துகொண்டார்.

குனிந்ததால் தங்கை வந்து நிலைப்படியில் நின்றதை அவர் கவனிக்கவில்லை. கையில் மடித்த துணி அப்படியே இருந்தது. எவ்வளவு கேட்டாள் என்று தெரியவில்லை. மாப்பிள்ளை அவளைப் பார்த்ததும், பரீட்சையில் தேறிய பையனைப் போல, "கேட்டியா, நான் சரியாத்தான் எண்ணியிருக்கேனாம்" என்றான்.

தங்கை துணியை நாற்காலியில் வைத்தாள். அண்ணனுக்கு நேரே வந்து நின்றாள்.

"எப்பலேருந்து தெரியும்?"

"மொத நாள்லேருந்து."

தினமும் அவர் வந்ததை, குழாய் ரிப்பேர் செய்ததை, கட்டுப் பிரிக்கக் கூடப் போனதை எல்லாம் அவள் ஒவ்வொன்றாகத் திரும்பப் பார்க்கிறாள் என்பது அவள் முகத்திலேயே தெரிந்தது. அடித்திருந்தால்கூடத் தேவலை. மாப்பிள்ளை, "விடு, அவரும் வேணும்னா பண்ணினார்?" என்று ஏதோ சொல்ல ஆரம்பித்தான். அவள் அவனைத் திரும்பிப் பார்த்த பார்வையில் நிறுத்திக்கொண்டான்.

தலையணைமேல் கிடந்த பேப்பரை எடுத்தாள். படித்தாள். அதைத் திருப்பி வெள்ளைப் பக்கம் மேலே வருமாறு நோட்டின்மேல் வைத்து, நோட்டை அண்ணன் மடியில் வைத்தாள். மாப்பிள்ளையின் மடியில் கிடந்த பேனாவை எடுத்து அவரிடம் நீட்டினாள்.

"எனக்கு மொதல்லேருந்து சொல்லுங்க. எழுதிக்கிட்டே சொல்லுங்க."

எழுதினால் நாளைக் காலையில் என்ன ஆகும் என்று அவளுக்கும் தெரியும், அவருக்கும் தெரியும். அண்ணன் மகளின் படிப்பைப் பற்றி அவளுக்குத் தெரியாதா என்ன, போன மாசம்தான் மருமகளுக்கு என்று ஒரு பை வாங்கிக் கொடுத்திருந்தாள். இருந்தாலும் பேனாவை நீட்டிய கை இறங்கவில்லை. ஃபோர்மேன் வாங்கிக்கொண்டார். மூக்குக்கண்ணாடி இல்லாமல் எழுத்துத் தெரியவில்லை. பையில் தேடி எடுத்து மாட்டிக்கொண்டு, தேதியைப் போட்டு, வாய்விட்டுச் சொல்லிக்கொண்டே முதல் வரியை எழுதினார்.

"மூன்று என்று இருந்ததை ஐந்து என்று மாற்றியது நான். எண்ணியவரிடம் சொல்லவில்லை."